சொட்டு எண்ணும் அக்கா

என் இடது காலுக்கு இன்று ஐந்து பேர் சொந்தம் கொண்டாடுகிறார்கள். என் மனைவி, சுங்கைப் பட்டாணியில் இருக்கும் பெரியம்மா, கீழ்த்தளத்துச் சீன மருந்துக்கடைக்காரர், அலுவலகத்தில் என் பக்கத்து மேசை மலாய்ப் பெண்மணி, கடைசியாக ஆஸ்பத்திரி டாக்டர். புண்ணைச் சுரண்டி, தொடையிலிருந்து தோலெடுத்து ஒட்டுவதற்கு நாள் குறித்திருந்த கால் அது. கத்தி படாமலே ஆறிவிட்டது. ஆறியதற்குத் தாமே காரணம் என்று ஐவரும் நம்புகிறார்கள். ஆறாவதாக ஒருவர் இருக்கிறார். நியாயப்படி அவருக்குத்தான் உரிமை அதிகம். அவர் மட்டும் ஒப்புக்கொள்ளவே இல்லை. "இன்னும் தெரியலையே தம்பி" என்றார்.

அவரைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். வழக்கம் போல என்னிலிருந்து, அதுவும் என் காலிலிருந்து, ஆரம்பித்துவிட்டேன்.

பினாங்குத் தீவில், ஜெலுத்தோங் பக்கம் எங்கள் அடுக்குமாடியில் எனக்கு ஒரு மாடி மேலே இருந்தார். அவருக்கும் ஒரு பெயர் இருந்தது. ஆனால் பதினேழு மாடியிலும் அவர் அக்காதான். சீனக் கிழவர்கள்கூட 'அக்கா' என்றே கூப்பிட்டார்கள். அதுதான் பெயர் என்று அவர்கள் நினைத்திருக்கக்கூடும். கடலுக்கு அக்கரையில், பிறை என்ற ஊரில் ஒரு பானத் தொழிற்சாலையின் லேப்பில் இருபத்தேழு வருடம் வேலை பார்த்தவர். காலையில் மோட்டார் சைக்கிளோடு ஃபெரியில் ஏறி, பட்டர்வொர்த்தில் இறங்கி, லாரிகளுக்கு நடுவே புகுந்து போய், சாயங்காலம் வரை சொட்டு எண்ணுவார். பாட்டிலின் மேல் எழுதியிருக்கும் வைட்டமின் சி உள்ளேயும் இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை.

வேலையை விட்ட பிறகும் விரல்கள் விடவில்லை. மருந்துக்கடையில் புண்ணுக்குப் போட விற்கும் அயோடின் ஒரு குப்பி, கொதிநீரில் கரைத்த மரவள்ளி மாவு, கண்ணுக்கு மருந்து விடும் சொட்டுக்குழாய் ஒன்று. அக்காவின் வீட்டு லேப் அவ்வளவுதான். மாவுத் தண்ணீரில் அயோடின் பட்டால் கருநீலமாகும். வைட்டமின் சி உள்ள சாற்றில் கொஞ்சம் மாவுத் தண்ணீர் கலந்து அயோடின் விட்டால், அந்த நீலம் வந்த வேகத்தில் மறைந்துவிடும். அடுத்த சொட்டும் மறையும். வைட்டமின் தீர்ந்துபோன சொட்டில் நீலம் அப்படியே நின்றுவிடும். எத்தனையாவது சொட்டில் நின்றது என்பதுதான் சேதி. நிறைய சொட்டு, நிறைய வைட்டமின். எனக்கே புரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதை வீட்டோடு வைத்துக்கொண்டிருந்தால் யாருக்கும் தொல்லை இல்லை. அக்கா குப்பியையும் சொட்டுக்குழாயையும் கைப்பையில் வைத்திருப்பார்.

நான்காவது மாடியில் ஒரு பிறந்தநாள். ஆரஞ்சுப் படம் போட்ட பாட்டிலிலிருந்து எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தார்கள். அக்கா தன் டம்ளரை ஜன்னலோரம் எடுத்துப் போனார். நான் பின்னாலேயே போனேன். கேக் வெட்ட நேரமாகும் என்று தெரிந்தது. ஒரு சொட்டு விட்டார். டம்ளர் நீலமாகி அப்படியே நின்றது.

"அக்கா, அது குடிக்கிறதுக்குலா" என்றாள் வீட்டுக்காரப் பெண்.

"குடிக்கலாம்மா. ஆனா ஆரஞ்சு இந்தப் பக்கமே வந்ததில்ல."

"எங்க வூட்டுக்கு வந்து எங்க தண்ணியவே சோதிக்கிறீங்களா?"

"உங்க தண்ணிய இல்ல. அந்தப் படத்த."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் மூன்று பிறந்தநாள் வந்து போயின. அக்காவுக்குக் கேக் மட்டும் டப்பாவில் போட்டு மேலே அனுப்பினார்கள்.

சீனப் புத்தாண்டுக்கு எதிர்வீட்டுக்காரர் தங்கநிற ஆரஞ்சு நான்கைக் கொடுத்து வாழ்த்தினார். அக்கா நன்றி சொல்லி வாங்கி, அவர் கதவு சாத்துவதற்குள் ஒன்றைப் பிழிந்துவிட்டார். ஆரஞ்சு மோசமில்லை. ஆனால் அன்று பக்கத்தில் இருந்த கொய்யா அதைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. பச்சை மிளகாயும் ஆரஞ்சை ஜெயித்தது. அடுத்து புளி. "இதுதானேக்கா எல்லாத்துக்கும் மேல இருக்கணும், இவ்ளோ புளிக்குதே" என்றேன். இரண்டாவது சொட்டிலேயே நீலம் நின்றுவிட்டது. "நாக்குக்குத் தெரிஞ்சது புளிப்புதான் தம்பி. வைட்டமின் தெரியாது" என்றார். நான் தலையாட்டினேன். ஒரு காதில் வாங்கினேன் என்று சொல்ல வேண்டும். எந்தக் காதென்று பிற்பாடு தெரிய வந்தது.

தன் சொட்டுகளையும் அவர் முழுக்க நம்பியதில்லை. "அயோடினுக்குக் கண்ணு கிடையாது. பழம் கெடாம இருக்கக் கந்தக மருந்து போட்டிருந்தாலும் நீலம் மறையும். நான் வைட்டமின்னு எழுதிக்குவேன். பாக்கணும், பாத்தத மறுபடியும் பாக்கணும்" என்பார். ஊரில் எல்லாரும் தெரியாததைத் தெரியும் என்று சொல்லி வாழ்ந்துகொண்டிருக்கும்போது, இந்த அம்மா தெரிந்ததைக்கூட 'தெரியலையே' என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் எங்கள் மாடிகளில் வைட்டமின் சி மாத்திரை இல்லாத வீடே கிடையாது. நான் இரண்டு டப்பா வாங்கி, தினமும் கண்ணில் படட்டும் என்று சமையலறை ஜன்னலில், நல்ல வெயிலில் வைத்தேன். மூன்று மாதம் கழித்து அக்கா எட்டிப் பார்த்தார். மாத்திரைகள் டீ நிறத்துக்கு வந்திருந்தன.

"செத்துப் போச்சு."

"சாப்பிடற மருந்தப் போய் செத்துப் போச்சுங்கறீங்களேக்கா."

"வெயிலு, சூடு, காத்து மூணும் ஆகாது இதுக்கு. கீரைய ஒரு மணி நேரம் கொதிக்க வெச்சாலும் இதே கதிதான். தண்ணியோட போயிடும்."

"சரி, புதுசு வாங்கிடறேன். இது இருந்தா நோய் அண்டாதுதானே?"

"அண்டாதா? தெரியலையே. யாரு பாத்தா?"

அந்தக் காலத்தில் இப்படிப் பேசினால் யாருக்குப் பிடிக்கும்? வாட்ஸ்அப்பில் பதினேழு மாடிக் குழுவிலிருந்து அக்காவை யாரோ எடுத்துவிட்டார்கள். அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

அவரை நினைக்கும்போது எனக்கு முதலில் வருவது ஒரு காலை நேரம். ஏழரை மணிக்குக் கதவைத் தட்டினார். கையில் தட்டு, தட்டில் ஈரத்துணி, துணியில் முளைவிட்ட பச்சைப்பயறு.

"தம்பி, காஞ்ச பயற அரைச்சுப் பாத்தேன். ஒண்ணுமே இல்ல. மொத சொட்டே நின்னுருச்சு. இது மூணு நாள் ஈரத்துணியில இருந்துச்சு. பதினோரு சொட்டு! நான் குடுத்தது வெறும் பைப்புத் தண்ணி. அதையும் பாத்தேன், அதுலயும் ஒண்ணுமில்ல. அப்ப இது எங்கேருந்து வந்துச்சு?"

"குவே தியாவ் நூடுல்ஸ்ல போடுவாங்களே, தவ்கே. அதுதானேக்கா இது?" என்றேன். எனக்கு இன்னும் காப்பி இறங்கியிருக்கவில்லை.

"அதேதான். வளர்றதுக்கு வேணும்னதும் அதுவே செஞ்சுக்குது பாரு. இத்துனூண்டு பயறு. நீயும் நானும் தலகீழா நின்னாலும் நம்மால முடியாது."

பிறகு என் வரவேற்பறைச் சுவரைப் பார்த்து விரலை நீட்டினார். "இந்தா, இந்தப் பல்லி செய்யுது. கிட்னில. பூனை செய்யுது, ஆடு செய்யுது, ஈரல்ல. எலுமிச்சம்பழம் நக்கற பூனைய நீ பாத்திருக்கியா? அதுக்கு வேணாம். நமக்குத்தான் வேணும். நமக்கு, தாவரத் தோட்டத்துல பையப் பிடுங்கற கொரங்குக்கு, பழந்தின்னி வௌவாலுக்கு. நம்ம உடம்புலயும் அந்த மெஷின் இருக்கு தம்பி. எப்பவோ ரிப்பேராயி நின்னு போச்சு. பழத்துலயே கெடைச்சுக்கிட்டு இருந்ததால யாரும் கவனிக்கல. எங்க ஃபேக்டரில பழைய மெஷின துணி போட்டு மூடி மூலைல வெச்சிருப்பாங்க, தூக்கியும் போட மாட்டாங்க, ஓட்டவும் மாட்டாங்க. அந்த மாதிரி இன்னும் உள்ள கெடக்கு."

அவர் போன பிறகு நான் பல்லியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐம்பத்து நான்கு வயதில், ஒரு பல்லிக்கு முன்னால் தாழ்வு மனப்பான்மை வருவது எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

இப்போது கால்.

மகளுக்குப் பிரசவம் என்று என் மனைவி கோலாலம்பூர் போனாள். ஐந்து மாதம். போன முதல் வாரமே, பட்டர்வொர்த் ஃபெரியில் யாருடைய மோட்டார் சைக்கிள் புகைக்குழாயிலோ என் கெண்டைக்கால் பட்டுச் சுட்டுக்கொண்டது. ஐம்பது காசு அகலம். இந்த ஊரில் பிறந்தவன் காலில் அப்படி ஒரு தழும்பு இல்லாமல் இருக்க முடியாது. தன்னால் ஆறியிருக்கும். நான்தான் ஆலோசனை கேட்டேன்.

பக்கத்து மேசைப் பெண்மணி பந்தாங் இருக்கச் சொன்னார். மலாய்க்காரர்களின் பத்தியம் அது. முட்டை, இறால், கணவாய், அன்னாசி, பலா கூடாது, புண் விஷமேறும். கீழ்த்தளத்துச் சீன மருந்துக்கடைக்காரர் வேறு பட்டியல் வைத்திருந்தார். தர்பூசணி, வெள்ளரி, தக்காளி, கோஸ், தவ்கே எல்லாம் குளிர்ச்சி, ரத்தம் ஓடாது. சுங்கைப் பட்டாணிப் பெரியம்மா போனில் சொன்னார்: "புளிப்புப் பழம் எதையும் தொடாதப்பா, சீழ் வெச்சுடும். கத்தரிக்கா அரிப்பு. உருளக்கெழங்கு வாயு. காரம் ஆகவே ஆகாது. மொளகு ரசம் மட்டும் தினமும் குடி. ரசம் மருந்து."

மூன்று இனத்தின் மருத்துவமும் கைக்கெட்டும் தூரத்தில் கிடைப்பது பினாங்கின் பெருமை. ஏதாவது ஒன்றைக் கடைப்பிடித்தவன் நன்றாகத்தான் இருக்கிறான். ஒவ்வொன்றும் சிலதைத் தள்ளி மீதியைச் சாப்பிட விடும். மூன்றையும் ஒன்றாகக் கடைப்பிடித்த ஒரே மேதாவி நானாகத்தான் இருப்பேன். மூன்று பட்டியலையும் கழித்து, எதற்கு வம்பு என்று மற்ற காய், பழம், கீரையையும் விட்ட பின் எனக்கு மிஞ்சியது கஞ்சி, கிரீம் பிஸ்கட், கறுப்புக் காப்பி, புளியும் மிளகும் போட்ட ரசம். மனைவி இருந்திருந்தால் ஒரு நாள்கூட விட்டிருக்க மாட்டாள். போனில் கேட்பாள். "நல்லாச் சாப்பிடறேன்" என்பேன்.

புண் ஆறுவது போல் பொருக்குக் கட்டி, மூன்றாவது மாதம் மறுபடியும் திறந்துகொண்டது. ஐம்பது காசு, தோசைக் கரண்டி அகலத்துக்கு வளர்ந்தது. ஈறில் ரத்தம் வந்தது. மென்மையான பிரஷ் வாங்கினேன். தொட்ட இடமெல்லாம் கன்றிப்போனது. மேசை மூலைகளைத் திட்டினேன். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. வயதாகிறது என்று ஒரு கட்டுரை எழுதினேன். நன்றாக வந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் சீன டாக்டர், இளம் வயது, முதலில் சர்க்கரை பார்த்தார். இல்லை. ஐம்பது தாண்டிய தமிழனுக்குச் சர்க்கரை இல்லை என்பதை அவரால் ஏற்க முடியவில்லை, மறுபடியும் பார்த்தார். பிறகு கேட்டார், பழம், புளிப்பு ஏதாவது சாப்பிடுகிறேனா என்று.

"தினமும் ரசம், டாக்டர். மூணு வேளை."

வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில் அவரும் ரசம் குடித்திருக்கிறார். அது புளிக்கும் என்று அவருக்குத் தெரியும். தலையாட்டி எழுதிக்கொண்டார். அந்தத் தலையாட்டலுக்கு நான்தான் பொறுப்பு. மருந்து கொடுத்தார், மாற்றிக் கொடுத்தார், கடைசியில் மூன்று வாரம் கழித்து ஒரு தேதி கொடுத்தார். செத்த சதையைச் சுரண்டிவிட்டு, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்ட வேண்டும். "ஒட்டினது பிடிக்குமா?" என்று கேட்டேன். இப்போது உள்ள நிலைமையில் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். பிடிக்காவிட்டால் என்ன என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அந்தத் தாளோடு லிஃப்ட் வாசலில் நொண்டிக்கொண்டு நின்றபோது அக்கா வந்தார். இரண்டு மாதம் மகன் வீட்டில் இருந்துவிட்டு அன்றுதான் திரும்பியிருந்தார்.

"என்னா தம்பி காலு?"

கால்சட்டையை உயர்த்திக் காட்டினேன். எல்லோரும் புண்ணைத்தான் பார்ப்பார்கள். அக்கா புண்ணைச் சுற்றியிருந்த இடத்தைப் பார்த்தார். அப்படியே தரையில் குந்திவிட்டார். லிஃப்ட் வந்தது, போனது.

"உன் முடி ஏன் சுருண்டிருக்கு?"

"எந்த முடிக்கா?"

"கால்ல. பாரு, ஸ்பிரிங் மாதிரி. ஒவ்வொரு முடி அடியிலயும் செவப்பாப் புள்ளி." கைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். "எப்பா! இத நான் படத்துலதான் பாத்திருக்கேன்."

அக்கா முகத்தில் அன்று வந்த சந்தோஷம் இருக்கிறதே, ஒருவனின் அழுகிய காலைப் பார்த்து அப்படிச் சந்தோஷப்படுவது முறையே இல்லை. முளைப்பயறைக் கொண்டுவந்த காலையில் இருந்த அதே முகம்.

"என்ன சாப்பிடற?"

நான் என்னென்ன சாப்பிடுவதில்லை என்று பெருமையாகச் சொன்னேன். அக்கா என்னோடு லிஃப்டில் ஏறினார். என் சமையலறைக்கு வந்து, ரசத்தை வடிகட்டி, தெளிந்ததில் மாவுத் தண்ணீரைக் கலந்து ஒரு சொட்டு விட்டார். நீலம் தயங்கித் தயங்கி மறைந்தது. இரண்டாவது சொட்டில் நின்றுவிட்டது.

"ரெண்டு" என்றார்.

"ரெண்டுன்னா?"

"நீ அஞ்சு மாசமாக் குடிக்கிறது மொளகுத் தண்ணி."

உட்கார்ந்துகொண்டேன். அக்கா சொன்னார், சதையையும் தோலையும் இழுத்துக் கட்டும் நார் ஒன்று உடம்பில் ஓடுகிறது. அதை முறுக்கேற்ற வைட்டமின் சி வேண்டும். இல்லையென்றால் நார் பிரிந்துபோகும். "தழும்புன்னா முடிஞ்ச வேலன்னு நெனைக்கிறோம். இல்ல தம்பி. உள்ள தெனமும் பிரிச்சு மறுபடி கட்டிக்கிட்டே இருக்கு. கட்டறதுக்குச் சாமான் வரலன்னா பிரிக்கிறது மட்டும் நடக்கும். கப்பல்ல மாசக்கணக்கா போனவங்களுக்கு, எப்பவோ ஆறின காயமெல்லாம் தெறந்துக்கிச்சாம். ஸ்கர்வி. அப்படித்தான் படிச்சேன். நெசமான்னு தெரியல."

"அப்ப நான் கொய்யா வாங்கி வந்துடறேன்" என்று எழுந்தேன்.

"ஒக்காரு! தொட்டுடாத!" கையைப் பிடித்துவிட்டார். "மொதல்ல டாக்டர்கிட்ட போயி ரத்தம் குடு. எவ்ளோ இருக்குன்னு அளக்கட்டும். சாப்பிட்டுட்டா அப்புறம் ஒண்ணும் தெரியாது."

"கால் போயிடும்போல இருக்குக்கா."

"அஞ்சு மாசம் சாப்பிடல. நாளைக்குக் காலைல வரைக்கும் சாப்பிடாம இருக்க முடியாதா?"

மறுநாள் டாக்டர் முடியைப் பார்த்தார், ஈறைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ரசம்" என்றார் ஆங்கில உச்சரிப்பில், கொஞ்சம் சோகமாக. ரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்பினார். மாத்திரை எழுதினார். தடவும் மருந்தையும் மாற்றினார். அறுவையை இரண்டு வாரம் தள்ளிவைத்தார். அன்று மத்தியானம் அக்கா நறுக்கிக் கொடுத்த கொய்யாவைத் தின்றபோது ஈறில் எரிந்தது, எரிந்தாலும் நிறுத்தவில்லை.

ஐந்தாம் நாள் ஈறில் ரத்தம் நின்றது. இரண்டாவது வாரம் புண்ணின் ஓரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு உள்நோக்கி நகர்ந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, கத்தி வேண்டாம் என்றார். ரத்த மாதிரி மட்டும் திரும்பி வந்தது: சோதிக்கத் தகுதியற்றது. வைட்டமின் சி வெளிச்சத்திலும் சூட்டிலும் ரத்தத்துக்குள்ளேயே செத்துவிடுமாம். போகும் வழியில் எங்கோ ஐஸ் உருகிவிட்டது.

எனக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அக்கா அந்தத் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் படித்தார்.

மனைவி திரும்பி வந்து, காலைப் பார்த்து, "நான் வந்தேன், ஆறிடுச்சு" என்றாள். பெரியம்மா ரசம் என்றார். மருந்துக்கடைக்காரர் குளிர்ச்சி இறங்கிவிட்டது என்றார். பக்கத்து மேசைப் பெண்மணி பந்தாங் பலிக்க ஐந்து மாதமாகும் என்றார். டாக்டர் புது மருந்தைப் பாராட்டிக்கொண்டார்.

"நீங்கதான்க்கா காரணம்" என்று நான் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு மேலே போய்ச் சொன்னேன்.

"எப்படித் தெரியும்?"

"கண்ணால பாத்தேனே."

"மருந்து மாறுச்சு, மாத்திர வந்துச்சு, கொய்யா வந்துச்சு, உன் பொண்டாட்டியும் வந்துட்டா. எல்லாம் ஒரே மாசம். எது ஆத்துச்சு? அளந்த ரத்தமும் இல்ல." என் காலை அங்கேயே நீட்டச் சொல்லி, புதுத் தோலைக் கட்டைவிரலால் அழுத்தி, நிறம் திரும்பி வருவதைப் பார்த்தார். பிறகு, கடையில் பிடித்த பொருளின் விலை கேட்பவர் போல, தயக்கமாகக் கேட்டார். "தம்பி, ஒரு மூணு மாசம் மறுபடி நிறுத்திப் பாக்கலாமா? கஞ்சி, பிஸ்கட், ரசம். மத்தது எதையும் மாத்தக் கூடாது. தெறந்துச்சுன்னா அதுதான். உறுதி."

"தெறந்துச்சுன்னாவா!"

"உடனே குடுத்துடலாம்லா. கொய்யாதான் இருக்கே."

முடியாது என்றேன். பலமாகவே சொன்னேன். அக்கா கோபப்படவில்லை. "அதுவும் சரிதான், உன் காலு" என்று வாழைப்பழத்தை உள்ளே வைத்தார்.

அதன் பிறகு வேலை, பேரன் படங்கள், நான் நன்றாக நடந்துகொண்டிருந்தேன். ஒரு நாள் கீழே பழக்கடை அண்ணன் பிடித்துக்கொண்டார்.

"மேல் மாடி அக்காவுக்கு என்னாச்சு? எங்கிட்ட கோவமா? ஒண்ணரை மாசமா இந்தப் பக்கமே வரலயே. அவங்க வந்து நாலு பழத்த நோண்டிப் பாக்காம எனக்கு யாவாரமே ஓடல."

கொய்யா ஒரு கிலோ வாங்கினேன். லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியேறினேன்.

கதவு திறந்துதான் இருந்தது. மேசையில் கிரீம் பிஸ்கட் டப்பா, கஞ்சிக் கிண்ணம், ஒரு பள்ளிக்கூட நோட்டு. அக்கா சட்டைக் கையைச் சுருட்டி, பூதக்கண்ணாடியால் தன் முழங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வா தம்பி. கொஞ்சம் அலுப்பா இருக்கு. அவ்ளோதான். முடி இன்னும் சுருளல."

"என்னாக்கா இது?"

"நீ மாட்டேன்னுட்ட. எங்கிட்டயும் பழைய தழும்பு இருக்குல்ல. சிசேரியன். முப்பத்தெட்டு வருசம். அது தெறக்குதான்னு பாத்தா தெரிஞ்சிடும்."

கெஞ்சினேன். உங்கள் மகனுக்குப் போன் போடுவேன் என்றேன். சரி, நானே நிறுத்துகிறேன், நீங்கள் சாப்பிடுங்கள் என்றுகூடச் சொன்னேன்.

"நீ நிறுத்த மாட்ட. ஒளிஞ்சு தின்னுடுவ. உன்ன வெச்சு ஒண்ணும் நிரூபிக்க முடியாது."

என்னை அவ்வளவு சரியாக யாரும் அளந்ததில்லை. கத்தியை எடுத்துக் கொய்யாவை நறுக்கினேன். கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. துண்டுகளைத் தட்டில் போட்டு மேசை நடுவில் வைத்தேன். அவர் தட்டைப் பார்க்கவே இல்லை.

"உங்களுக்குத் தெறந்துச்சுன்னே வெச்சுக்குவோம்" என்றேன் கடைசியில். "அது வேற எதனாலயோ இருக்காதா? வயசு, அலுப்பு, ஏதோ ஒண்ணு."

அக்கா கண்ணாடியைக் கீழே வைத்தார்.

"இருக்கலாம்."

"நான் ஒருத்தன் பத்தலன்னீங்க. நீங்களும் சேந்தா ரெண்டு. ரெண்டு போதுமா?"

அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

"போதாது" என்றார் மெதுவாக. "ரெண்டெல்லாம் ஒரு கணக்கா? முப்பது பேராவது வேணும். பாதிப் பேருக்கு நெசமான மாத்திர, பாதிப் பேருக்குச் சும்மா மாவு. யாருக்கு எதுன்னு எனக்கே தெரியக் கூடாது. தெரிஞ்சா என் கண்ணு ஏமாத்தும்."

"நம்ம ப்ளாக்ல முப்பது பேரு கெடைப்பாங்களா?"

பேனாவை எடுத்துவிட்டார். "ரெண்டாவது மாடி மீன்காரரு வருவாரு. நாலாவது மாடிப் பொண்ணு வராது, கோவம். அஞ்சு... அஞ்சுல அந்த வாத்தியாரு. அவரு எதுக்கும் சரிம்பாரு, ஆனா கடைப்பிடிக்க மாட்டாரு." யோசிக்கும்போது அவருக்கு இடது கை சும்மா இருக்காது. அது தட்டுக்குப் போனது. ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "ஏழாவது மாடில ரெண்டு குடும்பம். பட்டினி போட முடியாது, பாவம், அதுக்கு வேற வழி பாக்கணும்." இன்னொரு துண்டு.

நான் மூச்சுவிடவில்லை. ஒன்பதாவது மாடி, பதினொன்று, மேல் மாடியில் தனியாக இருக்கும் சீனத் தாத்தா. பதினான்கு பேர் தேறியபோது தட்டில் மூன்று துண்டுதான் மிச்சம்.

அப்போதுதான் அக்கா மெல்லுவதை நிறுத்தினார். கையில் இருந்த பாதித் துண்டைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். பிறகு என்னை, ரொம்ப நேரம்.

"எத்தன துண்டு தின்னேன்?"

"ஒம்பது" என்றேன். எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

வாயில் இருந்ததை விழுங்கினார். நோட்டைத் தன் பக்கம் இழுத்து, அன்றைய தேதிக்கு எதிரே குண்டு குண்டான எழுத்தில் எழுதினார். நான் தலைகீழாகப் படித்தேன்.

'நாள் நாற்பத்து மூன்று. கொய்யா ஒன்பது துண்டு. சோதனை கெட்டது. காரணம்: கீழ் மாடித் தம்பி. இதில் சந்தேகம் இல்லை.'